நாலாம் நம்பரின் சந்தேகப் பட்டியல்

அவளுடைய பெயர் எனக்குத் தெரியாது. இரண்டு வருஷம் எதிர்வரிசையில் குடியிருந்துவிட்டு இப்படிச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் நாங்கள் இருந்த காம்பவுண்டில் யாருக்குமே பெயர் கிடையாது. கதவு நம்பர்தான். இந்தப் பக்கம் ஆறு ரூம், அந்தப் பக்கம் ஆறு ரூம், நடுவில் ஒரு சிமெண்ட் சந்து, சந்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். ஒரு கம்பெனி ஆள் எடுக்கும், இன்னொரு கம்பெனி ஆளை அனுப்பும், ரூமில் முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு பெயர் மனதில் படிவதற்குள் அந்தப் பெயர் காலி பண்ணிக்கொண்டு போய்விடும். நம்பர் எங்கும் போகாது. நான் ஏழு. அவள் நாலு.

குள்ளமாக, உருண்டையாக, எதையோ கண்டுபிடித்துவிட்ட முகத்தோடு இருப்பாள். புருஷன் புதுக் கார்களை ஏற்றிப்போகும் நீள டிரெய்லர் ஓட்டுபவர். பத்து நாளைக்கு ஒருதரம் வந்து இரண்டு நாள் தூங்கிவிட்டுப் போவார். நாங்கள் எல்லாரும் தாலிக்கயிற்றில் ஊக்கு மாட்டியிருப்போம். அவள் அந்த ஊக்கில் ஃபியூஸ் வயரையும் சுற்றி வைத்திருப்பாள். "ஊக்கு எவ வூட்லயும் கெடைக்கும். ஞாயித்துக்கெழம ஃபியூஸ் போனா எவன் வருவான்?" என்பாள். ஒரகடத்தில் ஒரு பிளாண்டில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தாள். அதற்கு முன்னால் ஒரு போன் கம்பெனியில் டெஸ்டிங் பெஞ்சில் இருந்தவள். அந்தக் கம்பெனியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். மற்ற எல்லாவற்றுக்கும் வாய் திறந்தேதான் இருக்கும்.

எது கெட்டாலும் அவளுக்கு ஒரு பட்டியல் வேண்டும். தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழிப்பாள். முதலில் ராசிபலனைச் சத்தமாகப் படித்து, அதைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்து, தாளைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பிப்பாள். யார் யார் மேல் சந்தேகம் என்று ஒவ்வொரு வரியாக எழுதுவாள். முதல் வரி எந்தப் பட்டியலிலும் ஒன்றுதான். "நான்." அடக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அடக்கத்துக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

ஒருமுறை தொடர்ந்து மூன்று நாள் அவள் வீட்டில் பால் திரிந்தது. காம்பவுண்டு ஒரே நிமிஷத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டது. பால்காரர் எதையோ கலக்கிறார். இவள் மட்டும் காலண்டர் தாளோடு உட்கார்ந்தாள். நான், பால், பால்காரர், அடுப்பு, பாத்திரம். மூன்று வீட்டில் மூன்று பாத்திரம் கடன் வாங்கி, அதே பாலை ஊற்றி, அதே அடுப்பில் காய்ச்சினாள். மூன்றும் நன்றாகப் பொங்கின. பால் என்று எழுதிய வரியைப் பார்த்து, "நீ வூட்டுக்குப் போ" என்று சொல்லி ஒரு கோடு போட்டாள். பால்காரருக்கும் ஒரு "நீ வூட்டுக்குப் போ". அடுப்புக்கும் ஒன்று. விடுதலையான ஒவ்வொருவருக்கும் அவள் நேரடியாகச் சேதி சொல்லியாக வேண்டும். பேனா கோடு மட்டும் போதாது. கடைசியில் மிஞ்சியது பாத்திரமும் அவளும். பளபளப்பாக இருக்கட்டும் என்று புளி போட்டுத் தேய்த்து, அரைகுறையாக அலசிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். லாட்டரி விழுந்த மாதிரி சந்துக்கு ஓடிவந்தாள். "நான்தான்டி. நானேதான்." மறுநாள் விடிந்ததும் பால்காரரின் வண்டியை நிறுத்தி மன்னிப்புக் கேட்டாள். தன்மேல் சந்தேகம் இருந்ததே அந்த மனிதருக்குத் தெரியாது. அவர் பயந்துபோய் அரை டம்ளர் கூடுதலாக ஊற்றிவிட்டுப் போனார்.

அவளோடு இருப்பது சுகம் என்று சொல்லமாட்டேன். "பஸ் போயிடுச்சு" என்று ஓடிவந்து நின்றால், "பாத்தியா, நெனச்சியா?" என்பாள். "மழை வரும்" என்றாலும் அதேதான். கண்ணால் பார்த்ததா, மனசில் நினைத்ததா என்று பிரித்தாக வேண்டும் அவளுக்கு. எனக்கு ஒரு வாரம் விடாமல் தலைவலி வந்தபோது தைலம் கேட்டுத்தான் அவளிடம் போனேன். தைலம் வரவில்லை, விசாரணை வந்தது. என்ன சாப்பிட்டேன், எந்தப் பக்கம் படுத்தேன், எத்தனை மணிக்கு வலி ஆரம்பிக்கிறது, லீவு நாளில் வலிக்கிறதா. லீவு நாளில் வலிக்கவில்லை என்றேன். உடனே பின்னால் வந்து என் கொண்டையை அவிழ்த்துவிட்டாள். பத்து நிமிஷத்தில் வலி போய்விட்டது. "கம்பெனி லைன்ல தொப்பி போடறதுக்குன்னு இந்த இறுக்கு இறுக்கினா மண்டை இன்னா பண்ணும்?" என்றாள். எனக்குக் கோபம் வந்ததே தவிர நன்றி சொல்லத் தோன்றவில்லை.

என் குணத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டு கட்டாகச் சேர்க்கும் கம்பெனியில் எனக்கு வேலை. நாற்பது ஐம்பது வயரை ஒன்றாகப் பிடித்து, முந்தைய சுற்றில் பாதி மூடும்படி டேப்பைச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரு சுருக்கம் விழக்கூடாது. எங்கள் லைனில் டேப்பிங்கில் என்னை அடிக்க ஆள் கிடையாது. சூப்பர்வைசர் புதிதாக வரும் பெண்களைக் கூட்டிவந்து என் கையைப் பார்க்கச் சொல்வார். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்ச நஞ்சமில்லை. வீட்டில் துடைப்பத்தைக்கூட டேப் சுற்றித்தான் வைத்திருந்தேன்.

எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகச் சேர்த்தது தண்ணீர். ஹவுஸ் ஓனர் குன்றத்தூரில் இருந்தார். விடிகாலையில் பைக்கில் வருவார், பூட்டைத் திறந்து மோட்டாரை அரைமணி ஓடவிடுவார், பூட்டிக்கொண்டு போய்விடுவார். ராத்திரி வேலை பார்க்கும் சி ஷிஃப்ட் ஆட்கள் ஏழரை மணிக்குப் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது குழாயில் காற்றுதான் வரும். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து முகம் கழுவத் தண்ணீர் இல்லை என்றால் எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். நாலாம் நம்பர் ஓனரிடம் போய், டேங்கு காலியானால் தானாக ஓடி, நிறைந்தால் தானாக நிற்கும்படி செய்கிறேன் என்றாள். ஓனர் சந்தேகமாகத்தான் தலையாட்டினார். "செஞ்சி பாருங்க. கெட்டுப்போச்சுன்னா பழையபடி பூட்டுதான்."

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரு கவரில் சாமான் வாங்கி வந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கு வாங்கும் உள்ளங்கை அகல போர்டு ஒன்று. நாலு நீலக் கட்டிகள் வரிசையாக உட்கார்ந்த ரிலே போர்டு ஒன்று. சின்ன போர்டுதான் மூளை. ஆனால் அதற்கு ஒரு குட்டி விளக்கை எரியவைக்கத்தான் தெம்பு, மோட்டாரை அதட்டும் சக்தி கிடையாது. ரிலே நடுவில் நிற்கும் ஆள். மூளை மெல்லச் சொன்னதைக் கேட்டு, டக் என்று பெரிய கரண்டுக்கு வழி திறந்துவிடும். அந்த டக் சத்தம் அவளுக்கு அப்படிப் பிடிக்கும். தரையில் போர்டை வைத்து, ஒரு பல்பை மாட்டி, டக் என்று எரியவிட்டு, டக் என்று அணைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரிப்பாள். "சொன்னா கேக்குது பாரு ஏழு. எங்க வூட்டுக்காரரு கூட இப்டி கேட்டதில்ல."

மாடிப்படிக்கு அடியில் போர்டுகளை ஒரு பெட்டியில் வைத்தோம். போர்வெல்லும் மோட்டார் ஸ்டார்ட்டரும் பின்பக்கம், பதினொன்றாம் நம்பர் ஜன்னலை ஒட்டி இருந்தன. படிக்கட்டிலிருந்து அங்கே ஒரு தடித்த வயர் போனது. மொட்டைமாடி டேங்கிற்குள் ஒரு மிதவை. அதிலிருந்து ஒரு மெல்லிய வயர் பின்சுவரோடு இறங்கி, போர்வெல்லைத் தாண்டி, படிக்கட்டுக்கு வந்தது. டேங்கு காலி, டேங்கு நிறைந்துவிட்டது என்று அந்த மெல்லிய வயர் சொல்லும். அவ்வளவுதான் ஏற்பாடு. ஒரு வயர் ஜன்னல் கம்பியில், இன்னொன்று துணிக்கொடியில் என்று அவள் கண்டபடி இழுத்துவிட்டிருந்தாள். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் ஒரு வாரம் அது ராஜா மாதிரி வேலை செய்தது. சி ஷிஃப்ட் பெண்கள் ஏழரை மணிக்குக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழுவதைச் சும்மா நின்று பார்த்தார்கள். ஐந்தாம் நம்பர் அவளுக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் எனக்கு ஆஃப். அவளுக்கு பிளாண்டில் மிஷின்களை எல்லாம் நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வாரம். பன்னிரண்டு மணி நேர வேலை, வந்தால் படுக்கை. அவளுக்கு ஒரு ஆச்சரியம் கொடுக்கலாம் என்று நான் என் டேப்பை எடுத்தேன். கண்டபடி தொங்கிய வயர்களைச் சேர்த்துப் பிடித்து, போர்வெல்லிலிருந்து படிக்கட்டு வரை நாற்பதடிக்கு ஒரே கட்டாகச் சுற்றினேன். பாதிக்குப் பாதி மூடி, ஒரு சுருக்கம் இல்லாமல். சுவரில் கிளிப் அடித்து நேராக ஓட்டினேன். அவ்வளவு அழகாக இருந்தது. போட்டோ எடுத்து லைன் குரூப்பில்கூடப் போட்டேன்.

இரண்டு நாளில் மோட்டார் மக்கர் செய்ய ஆரம்பித்தது. காலையில் எழுந்து பார்த்தால் டேங்கு பாதிகூட இருக்காது. போய்ப் பார்த்தால் ஸ்டார்ட்டர் நின்றுகிடக்கும், யாரோ சிவப்பு பட்டனை அமுக்கி நிறுத்தினாற்போலவே. மறுபடி ஓடவிடுவோம், மறுபடி நின்றுகிடக்கும். அது நிற்பதை யாரும் பார்க்கவில்லை. நின்ற பிறகுதான் எல்லாரும் பார்த்தோம்.

பதினொன்றாம் நம்பரில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த புருஷன் பெண்டாட்டி இருந்தார்கள். மூன்று மாசக் கைக்குழந்தை. அவர் இருங்காட்டுக்கோட்டையிலேயே கான்ட்ராக்டில் வேலை பார்த்தார். நடந்துபோகிற தூரம், குழந்தையைப் பார்க்கச் சாப்பாட்டு நேரத்தில்கூட ஓடிவருவார். அந்தப் பெண் ஒருநாள் குழாயடியில், "மோட்டார் சத்தத்துல பிள்ள முழிச்சிருதுக்கா" என்று சொல்லியிருந்தாள். போதாதா? சி ஷிஃப்ட் ஆட்கள் வாளியோடு நின்றுகொண்டிருந்த ஒரு காலையில், அத்தனை பேர் முன்னால், நான்தான் சொன்னேன். "வேற யாரு நிறுத்துவாங்க? புள்ள தூங்கணும்னு பட்டனை அமுக்கறாங்க." அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். "நாங்க தொடவே இல்லக்கா" என்றாள். எல்லாரும் வாளியை எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். விஷயம் ஓனர் காதுக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

நாலாம் நம்பருக்கு ஷட்டவுன் முடிந்தது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என் கதவைத் தட்டினாள். கையில் காலண்டர் தாள்.

"பதினொண்ணு பட்டனை அமுக்கினத நீ பாத்தியா, நெனச்சியா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"எல்லாரையும் கேக்கல. உன்ன கேட்டேன்."

 அவள் வாசல்படியில் உட்கார்ந்து எழுதினாள். நான், ரிலே போர்டு, சின்ன போர்டு, அடாப்டர், மிதவை, ஸ்டார்ட்டர், பதினொண்ணு. எழுதிவிட்டு நிமிர்ந்தாள். "ஏழு, உன் பேரு எழுதட்டுமா?"

"நான் என்ன பண்ணேன்? நான் ஒண்ணையும் மாத்தல" என்றேன். குரல் எனக்கே கொஞ்சம் உரக்கக் கேட்டது. அவள் ஒரு வரி காலியாக விட்டாள்.

பதினோரு மணிக்கு பதினொன்றாம் நம்பரின் சாமான் ஏற்ற வண்டி வருகிறது. அதற்குள் முடிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். முதலில் தன்னையே பிடித்தாள். போர்டில் தான் எழுதிய புரோகிராமை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். மோட்டாருக்குப் பதிலாக ஒரு பல்பை மாட்டி ஓட்டினாள். பத்துத் தடவையும் ஒரே டக், ஒழுங்காக எரிந்தது, ஒழுங்காக அணைந்தது. தன் பெயரை அடித்தாள். அப்போதும் அவளுக்கு அரைமனதுதான். ரிலே போர்டில் முதல் ரிலேயை விட்டுவிட்டு இரண்டாவதில் மாட்டினாள், மூன்றாவதில் மாட்டினாள். மோட்டாரைச் சேர்த்தால் எல்லாம் ஒரே கூத்து. ரிலே போர்டுக்கென்று தனி அடாப்டர் கொடுத்துப் பார்த்தாள். அதே கூத்து. ஸ்டார்ட்டரின் பச்சை பட்டனைக் கையால் அமுக்கினாள். மோட்டார் அருமையாக ஓடியது. என்னை மாடிக்கு அனுப்பி மிதவையைத் தூக்கித் தூக்கி விடச் சொன்னாள். மிதவையும் நல்லபிள்ளை.

"தனித்தனியா எல்லாரும் நல்லவங்கதான். ஒண்ணா சேந்தா சண்டை. நம்ம காம்பவுண்டு மாதிரியே கீது" என்று சொல்லி அவளே சிரித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஸ்டார்ட்டருக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தாள். எல்லாவற்றையும் சேர்த்து மாட்டியாகிவிட்டது. மோட்டார் ஒரு உறுமு உறுமிக் கிளம்பியது. இரண்டே விநாடியில் நின்றது. மறுபடி கிளம்பியது, நின்றது. படிக்கட்டுப் பக்கமிருந்து ரிலே டக் டக் டக் என்று பல்லைக் கடிப்பது எங்கள்வரைக்கும் கேட்டது. ஐந்தாறு தடவை இப்படித் தடுமாறிய பிறகு ஸ்டார்ட்டர் சூடாகித் தானே கட்டாகி நின்றுவிட்டது. ஒரு கைகூட அதைத் தொடவில்லை. பதினொன்றாம் நம்பர் ஜன்னல் சாத்தியிருந்தது. உள்ளே பாத்திரம் மூட்டை கட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"பாத்தாச்சா?" என்றாள்.

"இன்னிக்கு அமுக்கல. அன்னிக்கு அமுக்கியிருக்கலாம் இல்ல?" என்றேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அப்போது வாயிலிருந்து அதுதான் வந்தது. அவள் காலண்டர் தாளை மடியில் விரித்தாள்.

"சரி. நல்லா ஓடின வாரத்துக்கும் ஓடாத வாரத்துக்கும் நடுவுல இன்னா மாறிச்சு? யோசிச்சு சொல்லு."

"ஒண்ணும் மாறல. சும்மா வயரை மட்டும் அழகா கட்டினேன்."

சொல்லிமுடித்ததும் நானே நிறுத்திக்கொண்டேன். அவள் எழுந்து என் கட்டைத் தொட்டுக்கொண்டே சுவரோரம் நடந்தாள், படிக்கட்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். "தடிச்ச வயரும் ஒல்லி வயரும் இதுக்குள்ள ஒண்ணா கீதா?"

"ஆமா."

"அதான். மோட்டாரு கெளம்பறப்போ தடிச்ச வயர்ல ஒரு குதி குதிக்குது. ஒல்லி வயரு நாப்பதடிக்கு அத்த கட்டிப்புடிச்சு படுத்துகினு கீது. அதுக்கும் தூக்கிவாரிப் போடுது. பயத்துல 'டேங்கு ரொம்பிடுச்சு'ன்னு ஒளறுது. சின்ன போர்டு அத்த நம்பி மோட்டார நிறுத்துது. நின்னவொடனே ஒல்லிக்கு தெளிஞ்சுடுது, 'இல்ல இல்ல, காலி'ங்குது. திரும்ப கெளம்புது. இப்டியே ஒளறி ஒளறி ஸ்டார்ட்டர சூடாக்கிடுச்சு."

"எங்க கம்பெனியில இப்படித்தான் கட்டுவோம்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"கார்ல எல்லாம் பன்னெண்டு வோல்ட்டு. ஒண்ணா படுத்தா ஒண்ணும் ஆவாது. இது வூட்டுக் கரண்டுமா." இதைச் சொல்லும்போது அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. கத்தியை என்னிடம் நீட்டினாள். அவளே அறுத்திருந்தால் நான் ஜென்மத்துக்கும் மன்னித்திருக்கமாட்டேன். அது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

நாற்பதடியையும் நானே கிழித்தேன். மெல்லிய வயரைப் பிரித்தெடுத்து, முழங்கை தூரம் தள்ளி, ஆணிக்கு ஆணி தொங்கவிட்டோம். அசிங்கமாக இருந்தது. அவள் ஸ்டார்ட்டரைச் சரிசெய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு டக். மோட்டார் கிளம்பியது. பத்து எண்ணினேன், நிற்கவில்லை. நூறு வரை எண்ணினேன். மொட்டைமாடியில் தண்ணீர் டேங்கிற்குள் கொட்டுகிற சத்தம் கேட்டது. அவள் என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கிள்ளினாள். அந்த அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கணக்கு சரியாக வந்தால் இவளுக்கு ஏன் இத்தனை சந்தோஷம் என்று தோன்றியது.

"நீயே போய்ப் பதினொண்ணுகிட்ட சொல்லிடேன். நீ சொன்னா எல்லாரும் நம்புவாங்க" என்றேன்.

அவள் முகம் மாறியது. போர்வெல் மேடையில் உட்கார்ந்தாள். முதல் தடவையாக அந்தப் போன் கம்பெனியைப் பற்றிப் பேசினாள்.

"அங்க நான் டெஸ்டிங்கு. ஒருநாள் வரிசையா போனு ஃபெயில் ஆவுது. சூப்பர்வைசர் வந்து யாருன்னாரு. மூணாவது சீட்டுல ஒரு பொண்ணு, வந்து ஒரு மாசம் கூட ஆவல. அவதான்னு கைய காட்டிட்டேன். பாக்கல. நெனச்சேன். அப்பவே அவள லைன்ல இருந்து எழுப்பிட்டாங்க. சாயங்காலம் பாத்தா என் டெஸ்டரு முனை வளைஞ்சி கீது. ஃபெயில் ஆனது போனு இல்ல, நானு." டேப் பிசிறு ஒன்றைக் காலால் தள்ளினாள். "மறுநாள் அவ வரல. எந்த ஊருன்னு யாருக்கும் தெரியல. அவ ஏறி வர்ற ரூட்டு பஸ்ல ஒரு மாசம் ஏறி எறங்கினேன். ஒரு தபா கூட கண்ணுல படல. அப்பறம் கம்பெனியே மூடிட்டாங்க."

வாசல் பக்கம், சாமான் ஏற்றிக்கொண்டிருந்த குட்டி யானை வண்டி ஹாரன் அடித்தது.

"உனக்கு ஆளு இன்னும் இங்கயே கீது ஏழு" என்றாள். "ஓடு."

ஓடினேன். கையெல்லாம் டேப் பசை. வண்டியில் கட்டிலும் பாத்திர மூட்டையும் ஏறியிருந்தன. பதினொன்றாம் நம்பர்க்காரர் கேஸ் சிலிண்டரை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் குழந்தையோடு ஓரமாக நின்றாள். சாவியை வாங்கிக்கொள்ள ஓனரும் வந்திருந்தார். நான் மூச்சிரைக்கச் சொன்னேன். பட்டனை யாரும் அமுக்கவில்லை, நான் வயரைக் கட்டின விதம்தான் தப்பு, நீங்கள் போக வேண்டாம்.

ஓனர் தலையைச் சொறிந்தார். "அப்ப இருக்கட்டும்மா. எனக்கென்ன" என்றார்.

வண்டி ஓட்டுகிறவர், "இறக்கணுமா, ஏத்தணுமா? ஒரு முடிவுக்கு வாங்க" என்றார்.

பதினொன்றாம் நம்பர்க்காரர் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பேசவில்லை. நிதானமாகத்தான் பேசினாள். "எல்லாரும் இருக்கும்போதுல்லா எங்களச் சொன்னிய. இதையும் எல்லார்ட்டயும் சொல்லுங்கக்கா. நீங்க சொல்லி முடிச்சதுக்கு அப்புறம் இறக்குதோம்."

நியாயம்தான். சந்துக்கு வந்து பன்னிரண்டாம் நம்பர் கதவிலிருந்து ஆரம்பித்தேன். "மோட்டார் நின்னதுக்குக் காரணம் நான். பதினொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. நான் பார்க்காம சொல்லிட்டேன்." முதல் கதவில் முணுமுணுத்தேன். மூன்றாவது கதவில் குரல் வந்தது. ஐந்தாம் நம்பர் கையில் கரண்டியோடு வெளியே வந்து, "அட, நல்லதாப் போச்சு. நானே மனசு கேக்காம இருந்தேன்" என்றாள். கதவு தட்டப்பட்டவர்கள் எல்லாம் என் பின்னாலேயே வர ஆரம்பித்தார்கள். தூக்கக் கண்ணோடு சி ஷிஃப்ட் ஆட்கள், தலையில் துண்டோடு இரண்டு பேர். கைக்குழந்தையோடு பதினொன்றாம் நம்பரும் வந்தாள். பாதி தூரத்தில் யாரோ சிரிக்க, எனக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. மானம் போகிற வேலை இவ்வளவு லேசாக இருக்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

"முடிஞ்சுது" என்றேன்.

"அந்தக் கதவுல சொல்லலியே" என்று பதினொன்றாம் நம்பர் கை காட்டினாள். அதற்குள் நாலாம் நம்பர் எப்போது பின்பக்கமாக ஓடிவந்து உள்ளே போனாளோ, அவள் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். திறந்தாள். எல்லாம் தெரிந்தவள், ஒன்றும் தெரியாதவள் மாதிரி நிலைப்படியில் நின்றாள்.

முழுதையும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும், மூன்றாவது சீட்டுப் பெண்ணிடம் தானே சொல்வது போல, அவள் உதடும் கூடவே அசைந்தது. முடித்ததும் அவளுக்குக் கண் தளும்பிவிட்டது. வாசலில் கேஸ் சிலிண்டரை இறக்கும் சத்தம் கேட்டது.

"இன்னொரு தபா சொல்லு" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னேன்.